மனசு வராத நாளுக்கான வீடு

வீடு கலைந்து கிடந்தால் நம் கண் முதலில் ஆளைத்தான் தேடுகிறது. சோம்பேறித்தனம், பொறுப்பில்லை, அந்தக் காலத்தில் பத்துப் பேருக்குச் சமைத்தும் வீட்டைப் பளிச்சென்று வைத்திருந்தார்கள் என்று பேச்சு போகிறது. வீட்டைக் கவனிப்பவரும் தன்னையே நொந்துகொள்கிறார். செய்யணும்னுதான் இருக்கு, மனசுதான் வரமாட்டேங்குது என்கிறார். பிறகு போகி வருகிறது, ஆயுத பூஜை வருகிறது, அல்லது ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவதாக போன் வருகிறது. ஒரே நாளில் பரண் காலியாகிறது, ஒட்டடை போகிறது, அலமாரிகள் அடுக்கப்படுகின்றன. மூன்று வாரத்தில் எல்லாம் பழையபடி. இந்தச் சுழற்சிக்கு யாருடைய குணத்தையும் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. உற்சாகம் வரும், போகும். அதை நம்பி ஒரு குடும்ப வீட்டை நடத்த முடியாது. மனசு அடியோடு சோர்ந்து கிடக்கும் நாளில் வீடு எப்படி நடக்கும் என்று யோசித்து, அதற்கேற்ப ஏற்பாடுகளைச் செய்து வைப்பதுதான் வழி.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட இடம் ஒன்று உண்டு: தொழிற்சாலை. ஜப்பானில் டொயோட்டா போன்ற நிறுவனங்கள் வளர்த்தெடுத்த, வேலை இடத்தை ஒழுங்காக வைக்கும் 'ஃபைவ் எஸ்' முறை இன்று ஒசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவைப் பட்டறைகள் வரை பழக்கமான பெயர். ஜப்பானிலிருந்து வந்த இத்தகைய தர முறைகளை ஊன்றிக் கடைப்பிடித்த சென்னை பாடி சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவுக்கு 1998-ல் தரத்துக்கான டெமிங் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். ஃபைவ் எஸ் பின்பற்றும் பட்டறையில் ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவமும் வரைந்திருக்கும். ஒன்று இடத்தில் இல்லையென்றால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அதைத் திரும்ப மாட்டுவதற்கு எந்தத் தொழிலாளிக்கும் உற்சாகம் தேவைப்படுவதில்லை. முதல் நாள் இரவு தூக்கமில்லாதவரும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவரும் கூட அதே இடத்தில்தான் மாட்டுகிறார். அந்தப் பலகை அவருடைய மனநிலையைக் கேட்பதே இல்லை.

ஃபைவ் எஸ்ஸில் படிகளின் வரிசை முக்கியம். முதல் படி, தேவையில்லாததை அகற்றுவது. இரண்டாவது, மிஞ்சியதற்கு ஓர் இடம் குறிப்பது. துடைப்பதும் பெருக்குவதும் மூன்றாவது படிதான். நாம் வீட்டில் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம். இடமே இல்லாத பொருட்களைச் சுற்றிச் சுற்றிப் பெருக்குகிறோம், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்துகிறோம். அலுப்பு வராமல் என்ன செய்யும்? கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள், ஹோட்டல் சாப்பாடு வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், இனிப்புக் கடைப் பெட்டிகள், எந்த போனுக்கும் பொருந்தாத சார்ஜர்கள். இவற்றைத் தூக்கிப் போடச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். எதையும் வீணாக்கக் கூடாது என்ற அவர்களின் எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. பஞ்சத்தையும் பற்றாக்குறையையும் பார்த்த தலைமுறை அது. ஆனால் உதவும் என்று எடுத்து வைத்தது உதவ வேண்டுமானால் தேடும்போது கையில் கிடைக்க வேண்டும். ஐந்து டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் உதவும். மூடி தொலைந்த ஐம்பது டப்பா, அந்த ஐந்தையும் மறைத்துவிடும். போகிவரை காத்திருக்க வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். பழைய பேப்பர் கடைக்காரர் வாரந்தோறும் தெருவில் போகிறார்.

குப்பை குப்பையை அழைக்கிறது என்பதற்குச் சோதனை ஆதாரமே உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஆய்வாளர்கள், சைக்கிள்கள் நிறுத்தும் ஒரு சந்தில் ஒவ்வொரு சைக்கிள் கைப்பிடியிலும் விளம்பரத் தாள் ஒன்றை மாட்டி வைத்தார்கள். அருகில் குப்பைத் தொட்டி கிடையாது. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் தாளைக் கீழே போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கி வைத்தபோது 69 சதவீதம் பேர் போட்டார்கள். 2008-ல் 'சயின்ஸ்' இதழில் இந்த முடிவு வெளியானது. தெருவில் நடந்ததை அப்படியே வீட்டுக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் ஒரு சட்டை விழுந்த நாற்காலியில் சாயங்காலத்துக்குள் நாலு துணி சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தி அல்ல. அதனால் சக்தி குறைந்த நாளில் முழு வீட்டையும் சுத்தம் செய்ய நினைப்பதைவிட, சாப்பாட்டு மேஜை, அடுப்பு மேடை, அந்த நாற்காலி ஆகிய மூன்றை மட்டும் காலியாக வைப்பது நல்லது.

சரி, அதையும் யார் தினமும் நினைவில் வைத்துச் செய்வது? இங்கேதான் பழக்கம் பற்றிய ஆய்வுகள் உதவுகின்றன. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதுபோல ஏதாவது ஒரு வேளையோடு ஒரு சிறிய செயலை இணைத்துத் தினமும் செய்யச் சொன்னார்கள். அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்று மேடைகளில் சொல்வதை நம்பி, 22-ம் நாள் தோற்றுவிட்டதாக நினைப்பவர்களுக்கு இது ஆறுதல். அதைவிடப் பெரிய ஆறுதல், இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை என்ற முடிவு. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் போகிறது. இதைச் செய்வேன் என்று தீர்மானிப்பவரைவிட, இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இதைச் செய்வேன் என்று தீர்மானிப்பவர் அதிகம் செய்து முடிக்கிறார். சமையலறையை ஒதுங்க வைக்கணும் என்பது வெறும் ஆசையாகவே நின்றுவிடும். குக்கர் விசில் வரும்வரை சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தைத் துலக்குவது, மேல் தொட்டி நிரம்பும்வரை கொடியில் காய்ந்த துணியை மடிப்பது, கடைசியாகச் சாப்பிட்டவர் மேஜையைத் துடைப்பது என்று தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு கட்டிவிட்டால் அது நடக்கும்.

எழக்கூட மனசில்லாதவரிடம் போய் ஏற்பாடு, பழக்கம் என்று பேசுவது கொடுமை இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்று இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. மனம் தெளிந்த பிறகு செயலில் இறங்கலாம் என்று காத்திருக்காமல், சின்னச் செயல்களை முதலில் தொடங்க வைத்து அதன் வழியாக மனதை மீட்பது அந்த முறை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வில் இருந்த 495 பேரிடம் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு இதைச் சோதித்தது. சிகிச்சை தந்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இதையும் சேர்த்துப் பெற்றவர்கள் அதிகம் தேறினார்கள் என்று 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. இது நோய்க்கான சிகிச்சை, வீடு பெருக்குவதற்கான ஆலோசனை அல்ல. ஆனால் மனசு வந்தால்தான் கை அசையும் என்ற நம் நம்பிக்கை தவறாக இருக்கலாம் என்பதை அது காட்டுகிறது. பல நேரம் கை அசைந்த பிறகே மனசு வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி, பேச்சு எல்லாம் மாறி எதிலும் நாட்டமில்லாமல் ஒருவர் இருந்தால், அதைச் சோம்பல் என்று வீட்டார் தள்ளிவிடக் கூடாது. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம்.

மனசு வராத நாட்களில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதையும் முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது. மடிக்காத துணி யாரையும் நோயாளி ஆக்காது. பிள்ளைகள் பரப்பிய விளையாட்டுச் சாமான் பகல் முழுக்க அப்படியே கிடக்கலாம். அது குழந்தைகள் வாழும் வீடு. ஆனால் ஈரக் குப்பை அழுகும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டிலும், பூச்சாடியிலும், மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த வாளியிலும் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். இரவில் வயதானவர்கள் கழிவறைக்குப் போகும் பாதையில் பொருள் கிடந்தால் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறியலாம். அழுகுவது, கொசு வளர்ப்பது, கால் தடுக்குவது, இந்த மூன்றையும் கவனித்துவிட்டால் அன்றைக்கு வீடு போதுமான அளவு நன்றாக இருக்கிறது. பார்ப்பதற்கு அழகாக இல்லாமல் போகலாம், பரவாயில்லை.

இனி, யாருடைய மனசைப் பற்றிப் பேசுகிறோம் என்ற கேள்வி. என் பார்வையில் இதுதான் விஷயத்தின் மையம். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-ல் நடந்தது. கணக்கெடுத்த நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 சதவீதம்; ஆண்கள் 26.1 சதவீதம். வேலை செய்த பெண் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். ஆண் 97 நிமிடம். இந்த 97, அன்று ஏதாவது வேலை செய்த ஆண்களுக்கான சராசரி மட்டுமே. நாலில் மூன்று ஆண்கள் ஒரு துரும்பும் நகர்த்தவில்லை. 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. ஆண்களின் நேரமும் 88 ஆகக் குறைந்துவிட்டது. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் இந்த வேலையைச் செய்துவிட்டு, மாலையில் கலைந்து கிடக்கும் கூடத்தைப் பார்த்து ஒரு பெண் மனசு வரலை என்றால், அதற்குப் பெயர் உற்சாகக் குறைவு இல்லை, களைப்பு. லாஸ் ஏஞ்சலஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 தம்பதிகளிடம் டார்பி சாக்ஸ்பியும் ரெனா ரெபெட்டியும் நடத்திய ஆய்வு 2010-ல் வந்தது. தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது குவியல், முடியாத வேலை என்று அதிகம் பேசிய பெண்களின் உடலில், அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் சுரப்பு மாலையில் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு மட்டும் சொல்லிவிடாது. ஆனால் கலைந்த வீடு யார் உடம்பில் போய்த் தங்குகிறது என்பதைக் காட்டுகிறது.

ஆண் வெளியே உழைக்கிறான், வீடு பெண்ணின் பொறுப்பு, அது ஒரு பங்கீடு என்பார்கள். பெண்ணும் வேலைக்குப் போகும் வீடுகளில் அந்தப் பங்கீடு எப்போதோ உடைந்துவிட்டது. போகாத வீடுகளிலும் அது சமமில்லை. வெளி வேலைக்கு ஞாயிறு உண்டு, இதற்கு இல்லை. இல்லத்தரசியின் உழைப்பும் சேர்ந்துதான் குடும்பச் சொத்து உருவாகிறது, அதில் அவருக்குச் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது, பெண்களின் ஊதியமற்ற உழைப்பை அங்கீகரிப்பதே அதன் அடிப்படை என்றது. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பவர்களும் உண்டு. வசதி இருந்தால், நியாயமான சம்பளம் கொடுத்து வைக்கலாம். ஆனால் பெருக்க வருபவர் தரையைத்தான் பெருக்குவார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கே, கரன்ட் பில் எங்கே, மாமனாரின் சர்க்கரை மாத்திரை எங்கே என்ற கேள்விகள் அப்போதும் ஒரே ஆளிடம்தான் வந்து நிற்கும்.

ஏற்பாட்டின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது. பொருட்களின் இடம் ஒருவர் தலைக்குள் இருக்கும்வரை, எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வைப்பதும் அவர் வேலையாகவே இருக்கும். சாவிக்கு வாசலருகே ஒரு கொக்கி, பள்ளிப் பைக்குப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மூலை, அழுக்குத் துணிக்குக் குளியலறை வாசலிலேயே ஒரு கூடை, மருந்துக்கு ஒரே டப்பா, அதன் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு என்று இடம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டால், எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்ற சாக்கு ஒழிகிறது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்களே என்றால், கதவின் மேல் மாட்டும் கொக்கிகளும், கயிறும், காய்கறிக் கடையில் கிடைக்கும் பழைய பிளாஸ்டிக் கிரேட்டும் போதும். இப்படி இடம் குறிப்பதால் வீடு தொழிற்சாலை ஆகிவிடாது. எட்டு மணி நேரம் பட்டறையில் ஸ்பேனரை அதன் இடத்தில் மாட்டுகிற கை, வீட்டுக்கு வந்ததும் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதற்கு நாம் இத்தனை காலம் கொடுத்த அனுமதி மட்டும்தான் போகும்.

இன்று இரவு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நாளைக் காலை அம்மா காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை என்றால், காபிப் பொடி, பிள்ளையின் யூனிஃபார்ம், தாத்தாவின் மாத்திரை, கேஸ் புக், வீட்டுச் சாவி ஆகிய ஐந்தும் எங்கே இருக்கின்றன என்று அவரைக் கேட்காமல் சொல்லக்கூடியவர் யார்? ஒருவரும் இல்லையென்றால், அந்த ஐந்துக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து இடம் குறியுங்கள். இடத்தை எழுதி ஒட்டும் வேலையை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும்.