ஏரிக்கு 1,100 வருடங்களுக்கு முன்பே ஒரு வாரியம்! உத்திரமேரூர் கல்வெட்டு நம் கிராம சபைகளுக்குச் சொல்வது என்ன?

செங்கல்பட்டிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உத்திரமேரூர் வந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் மண்டபச் சுவர் முழுக்க எழுத்துகள். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும் சொல், 'குடவோலை'. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி குறிப்பிட்டதும் இந்தக் கல்வெட்டைத்தான்.

தேர்தல் நடந்த விதம் நமக்குத் தெரியும். ஆனால், எதற்காக அந்தத் தேர்தல்? பதில் எளிது. ஏரியைப் பார்த்துக்கொள்ள, தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள, பொன்னின் தரத்தைச் சரிபார்க்க. சுருக்கமாகச் சொன்னால், ஊரைப் பராமரிக்க!

பானைக்குள் 30 கட்டுகள்

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-ல் சபையின் விதிகள் கல்லில் வெட்டப்பட்டன. இரண்டே வருடங்களில், 921-ல், அந்த விதிகளையே திருத்தி மறுபடி வெட்டினார்கள். 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு, 35 முதல் 70 என்று மாறியது.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். ஊர் கூடியிருக்க, விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்துவிடக் கூடாது அல்லவா?

இப்படித் தேர்வானவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள்கள்.

கணக்கு காட்டாவிட்டால் மச்சானுக்கும் பதவி இல்லை

இந்தக் கல்வெட்டில் என்னை நிறுத்திப் படிக்கவைத்தது ஒரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவர் மறுபடி பதவிக்கு வர முடியாது. அவருடைய அப்பா, மகன், சகோதரர், மாமனார், மைத்துனர், மருமகன் எனப் பட்டியலிட்டு அவர்களையும் தடுத்திருக்கிறார்கள். பினாமி வழியை அன்றே அடைத்துவிட்டார்கள்! ஒழுங்காகக் கணக்கு காட்டியவரும் மூன்று வருடங்களுக்குத் திரும்ப வர முடியாது.

பல்லவர் காலத்தில் உருவான வைரமேக தடாகம்தான் இந்த ஊரின் பெரிய ஏரி. பொன்னை முதலாகச் சபையிடம் கொடுத்து, அதன் வட்டியில் ஏரியைத் தூர் வாரும் அறக்கட்டளைகளும் அன்றைக்கு இருந்தன. பராமரிப்புக்குத் தனியாக நிதி, பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள்கள் என்று இரண்டும் அந்த ஊரிலேயே இருந்தன.

அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. சொந்த நிலமும் வீடும், வேதக் கல்வியும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். இது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். பெண்களுக்கும், அந்த வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கும் சபையில் இடமில்லை. அந்தக் கதவை 1992-ல் கொண்டுவரப்பட்ட 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும்தான் திறந்தன. 2016-ல் தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 சதவிகிதமானது.

இன்று ஏரி யாருடையது?

கதவு திறந்துவிட்டது. ஆனால், ஏரி ஊரின் கையைவிட்டுப் போய்விட்டது. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்திடம். மதகு உடைந்தால் எந்த ஆபீஸுக்கு மனு எழுதுவது என்பதிலேயே ஊர்க்காரர்களுக்குக் குழப்பம். 'ஏரி மாவட்டம்' என்று பெயர் வாங்கிய பகுதியில்தான் இந்த நிலை.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2017-ல் மீண்டும் தொடங்கப்பட்ட குடிமராமத்துத் திட்டம், செலவில் 10 சதவிகிதப் பங்களிப்புடன் விவசாயிகளையும் வேலைக்குள் கொண்டுவந்தது. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் ஏரி வண்டல் எடுக்க, 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. கலெக்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போகும் முன்...

இதையெல்லாம் கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள்கள் கூட்டம். இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஏரியைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் ஏது?

மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஊராட்சியின் பட்ஜெட்டுக்கும் வளர்ச்சித் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தரும் அதிகாரம் அந்தக் கூட்டத்துக்கு உண்டு. கையெழுத்துப் போடும் முன் வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது, எல்லை அளக்கப்பட்டிருக்கிறதா, வரத்துக் கால்வாய் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. கிராம சபை ஊராட்சிகளுக்கு மட்டுமே என்பதால், குடவோலை கண்ட ஊரிலேயே கிராம சபை கிடையாது. நகர்ப்புறங்களுக்கு ஏரியா சபை என்ற ஏற்பாடு 2022-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

சபைக்கு என்ன பெயர் வைத்தாலும் கேள்வி ஒன்றுதான்: கணக்கு எங்கே? அதைக் கேட்க இன்று நிலமும் வேண்டாம், வேதமும் வேண்டாம். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் போதும்.