22 பேர் ஆடினால் எத்தனை ஆட்டம்?

லண்டனை அடுத்த விம்பிள்டனில் 1877-ம் ஆண்டு முதன் முதலாக டென்னிஸ் போட்டி நடந்தது. தோற்றவர் வெளியே போய்விட வேண்டும். பெயர் கொடுத்தவர்கள் 22 பேர்.

சாம்பியன் யார் என்று தெரிய எத்தனை ஆட்டம் வேண்டும்?

வகுப்பில் இப்படிக் கேட்டால் பிள்ளைகள் உடனே பென்சிலை எடுப்பார்கள். 22 பேருக்கு 11 ஆட்டம். மிச்சம் 11 பேர். ஒருவருக்கு ஜோடி இல்லை. அவர் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவார். 5 ஆட்டம். மிச்சம் 6 பேர். பிறகு 3 ஆட்டம், 3 பேர். மறுபடியும் ஒருவருக்கு ஜோடி இல்லை! விம்பிள்டனில் அந்த அதிர்ஷ்டம் அடித்தது மார்ஷல் என்பவருக்கு. இறுதி ஆட்டத்தில் அவர் கோர் என்பவரிடம் தோற்றார். எல்லாவற்றையும் கூட்டினால் 21.

பென்சிலே தேவை இல்லை. ஒவ்வோர் ஆட்டமும் ஒருவரை வெளியே அனுப்புகிறது. 21 பேர் வெளியேற வேண்டும். ஆகவே 21 ஆட்டம். அவ்வளவுதான்! இப்போது அங்கே ஆண்கள் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். எத்தனை ஆட்டம் என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். விடையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், ருசி போய்விடும்.

இரண்டாம் பரிசு யாருக்கு?

இறுதி ஆட்டத்தில் தோற்றவருக்கு இரண்டாம் பரிசு கொடுப்பது வழக்கம். அது நியாயமே இல்லை என்று 1883-ல் ஒருவர் எழுதினார். அவர் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த சார்லஸ் டாட்ஜ்சன். லூயிஸ் கரோல் என்ற பெயரில் ஆலிஸ் கதை எழுதியவரும் இவர்தான்!

32 பேர் ஆடுகிறார்கள். திறமைசாலியே எப்போதும் ஜெயிப்பார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்க்கிறார்கள். முதல் வீரருக்கு ஓர் இடம் போக மீதி 31 இடம். அதில் 15 இடம் அவர் இருக்கும் பாதியிலேயே இருக்கிறது. இரண்டாவது வீரர் அங்கே மாட்டிக்கொண்டால், இறுதிக்கு முன்பே அவரிடம் தோற்று வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மறு பாதியில் விழுந்தால்தான் பரிசு. அதற்கு வாய்ப்பு 31-ல் 16. ஏறக்குறைய பாதிக்குப் பாதி! வருஷமெல்லாம் பாடுபட்டவர் கதி ஒரு துண்டுச் சீட்டில் இருக்கிறது. பெரிய போட்டிகளில் பலசாலிகளை இப்போது முன்கூட்டியே பிரித்து வைத்துவிடுகிறார்கள்.

கேரம் பலகை போதும்

8 பிள்ளைகளை ஆட விடுங்கள். 7 ஆட்டத்தில் முதல் பரிசு முடிந்துவிடும். இரண்டாம் பரிசுக்கு உரியவர், சாம்பியனைத் தவிர வேறு யாரிடமும் தோற்றிருக்க மாட்டார் அல்லவா? சாம்பியனிடம் தோற்றவர்கள் 3 பேர்தான். அவர்களுக்குள் இன்னும் 2 ஆட்டம் வைத்தால் போதும். மொத்தம் 9. முதல் ஆட்டத்திலேயே தோற்று, மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் இரண்டாம் பரிசைத் தட்டிக்கொண்டு போனாலும் போகலாம்!