சளிக்கு அஞ்சி நெல்லியைத் தள்ளுவதா?

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் அமைந்த எலவனாசூர்கோட்டையிலும், மற்ற ஊர்களைப் போலவே, மூக்கு ஒழுகத் தொடங்கியதும் வைட்டமின் சி மாத்திரையை நாடும் பழக்கம் கொரோனாக் காலத்தில் வேர்கொண்டுவிட்டது. அதே சத்து நிறைந்து மலைக்காட்டில் விளையும் நெல்லிக்கோ அந்த மதிப்பு வாய்க்கவில்லை.

அஸ்கார்பிக் அமிலம் எனப்படும் வைட்டமின் சியைப் பெரும்பாலான விலங்குகள் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ள, அதற்கு வேண்டிய நொதியை, அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதத்தை, இழந்துவிட்ட மனித இனம் உணவையே நம்பியிருக்கிறது. கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளையணுக்களாகிய நியூட்ரோஃபில்கள், குருதிநீரில் உள்ளதைவிட 50 முதல் 100 மடங்கு செறிவில் இதைச் சேர்த்துவைக்கின்றன. கிருமியைக் கொல்ல அவை உமிழும் ஆக்சிஜன் நச்சுகள் அவற்றையே அரித்துவிடாமல் இச்சத்து காக்கிறது. கிருமிக்கு முதல் தடையாகிய தோலை இறுகப் பிணைக்கும் கொலாஜன் புரதமும் இதன்றிச் சரிவர உருவாவதில்லை.

1939–40இல் வடஇந்தியாவின் ஹிசார் பகுதியில் நேர்ந்த பஞ்சத்தில், இச்சத்துக் குறைவால் ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோய் பரவியபோது, அதற்கு மருந்தாகிப் பயன் தந்தது நெல்லியே. குன்னூரில் தொடங்கிப் பின்னர் ஹைதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில் நாளொன்றுக்கு ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம் போதுமென்கிறது. பெருநெல்லி ஒன்றோ, சிறிய காட்டுநெல்லி மூன்று நான்கோ அதை ஏறக்குறைய ஈடுசெய்யும். அதற்கு மேல் விழுங்குவதில் பெரும்பகுதி சிறுநீரில் கழிவதோடு, அளவு மீறினால் சிறுநீரகக் கல்லுக்கும் இடமாகும். பல ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்ட 2013ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வின்படி, நாள்தோறும் மாத்திரை உண்போருக்கும் சளி வருவது குறையவில்லை. பெரியவர்களிடம் அது நீடிக்கும் காலமே சுமார் 8 விழுக்காடு சுருங்கியது. மராத்தான் ஓட்டம் போன்ற கடும் உழைப்பில் ஈடுபடுவோருக்கு மாத்திரை பயன்பட்டது என்பதும் உண்மையே.

ஆயினும் கவலைக்குரியது மாத்திரையன்று. நெல்லி வரத்து மிகும் பனிக்காலத்தில்தான், அதைத் தின்றால் தொண்டை கட்டும், சளி பிடிக்கும் என்று வீடுகளில் பிள்ளைகளைத் தடுக்கிறார்கள். தடுத்தபின் அதே சத்தை மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மாற்றாகத் தரப்படும் தேன்நெல்லியோ, வெந்து பாகில் ஊறியதால் சத்தில் ஒரு பகுதியை இழந்து, சர்க்கரையை ஏற்றுக்கொண்டு வருவது. வெப்பத்தில் சிதைவதும் நீரில் கரைவதும் இவ்வைட்டமினின் இயல்பு. பள்ளி வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு விற்கும் பச்சை நெல்லிக்காயைக் கழுவித் தின்னக் கற்றுக்கொடுங்கள், பிடுங்கி எறியாதீர்கள்.