படி யார் கையில்?



பழங்காலத்தில் பணமும் பண்டமும் உழைப்பும் எப்படிக் கைமாறின என்பது குறித்து இந்த நினைவுச் சொற்பொழிவில் பேச விரும்புகிறேன். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு சின்னக் கதை இருக்கிறது. முதலில் பண்டமாற்று இருந்தது. அதில் சிரமம் வந்ததால் நாணயம் வந்தது. நாணயம் வந்ததால் சந்தை வளர்ந்தது. கதை முழுக்கக் கொடுப்பவரும் வாங்குபவரும் சமமாக நிற்கிறார்கள். சேரி அதில் வருவதில்லை. பறை அடித்தவருக்கும் துணி வெளுத்தவளுக்கும் என்ன கிடைத்தது என்று அது கேட்பதும் இல்லை. அதனால் இந்தக் கதையை ஜவ்வாது மலையின் அடிவாரத்திலிருந்து மறுபடி சொல்லிப் பார்ப்போம்.

மலையிலிருந்து அரசன் வாசலுக்கு

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாற்றின் கரையில் இருக்கிறது செங்கம். சங்க இலக்கியத்தில் அதன் பெயர் செங்கண்மா; நன்னன் என்ற குறுநில மன்னனின் ஊர். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் நூல். 583 அடிகள் கொண்ட அந்த நூலைப் பொருளாதார ஆவணமாக வாசித்தால் மூன்றுவிதக் கைமாற்றங்கள் தெரியும்.

வழியில் உள்ள சிற்றூர் மக்கள், முன்பின் தெரியாத கூத்தர்களுக்குச் சோறும் இறைச்சியும் கொடுக்கிறார்கள். விலை கேட்பதில்லை. இது முதல் வகை. மலைவாழ் மக்கள் ஆமான் கன்று, யானைக் கன்று, கரடிக் குட்டி, யானைத் தந்தம், பலாப்பழம், கிழங்கு எனச் சுமந்துவந்து நன்னனின் வாசலில் குவிக்கிறார்கள். இது இரண்டாவது. அந்த வாசலிலிருந்து கூத்தர்களுக்குப் பரிசில் போகிறது. இது மூன்றாவது. மூன்றிலும் நாணயத்துக்கு வேலையே இல்லை.

பொருளியல் வரலாற்றாளர் கார்ல் பொலானி 1944இல் வெளியான தம் நூலில், சந்தைக்கு வெளியே பண்டங்கள் ஓடும் வழிகளைப் பிரித்துக் காட்டினார். ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது ஒன்று. ஒரு மையத்தில் திரட்டி அங்கிருந்து பகிர்வது இன்னொன்று. நன்னன் வாசலில் நடப்பது இந்த இரண்டாவது வழி. திரட்டுகிற இடத்தில் இருப்பவருக்குப் பகிரும்போது ‘வள்ளல்’ என்ற பெயர் கிடைக்கிறது. சுமந்து வந்தவருக்கு அந்தப் பெயர் கிடைப்பதில்லை. கூத்தர் நன்னனைப் புகழ்ந்தனர். அவனுடைய வள்ளன்மைக்கு முதல் போட்ட குறவரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

கவர்ந்ததும் அளந்ததும்

செங்கம் பகுதி நடுகற்களுக்கும் பேர்போனது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. பல்லவர் கால நடுகற்கள் பலவும் தொறு கவர்ந்தபோதோ மீட்டபோதோ இறந்தவர்களுக்கு எடுத்தவை. தொறு என்றால் மாட்டு மந்தை. மாடு என்ற சொல்லுக்கே தமிழில் செல்வம் என்று பொருள் உண்டு. ஆகவே கொள்ளையும் அன்று செல்வம் கைமாறும் ஒரு வழி. எடுத்தனூர் நடுகல்லில், கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயர்கூடப் பொறிக்கப்பட்டிருக்கிறது. மந்தையைக் காத்த நாய்க்குக் கல்லில் இடம் இருந்தது. செத்த மாட்டைத் தூக்கியவருக்கு இருந்ததா என்று கேட்பது நம் வேலை.

இவற்றோடு பண்டமாற்றும் நடந்தது. தேனும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் கள்ளும் வாங்கியதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. நெல்லுக்குச் சரி அளவு உப்பு என்று உமணர் வீட்டுப் பெண் கூவி விற்பதை அகநானூற்றில் பார்க்கலாம். வாங்கிய அளவே திருப்பித் தரும் கைமாற்றுக்குக் ‘குறியெதிர்ப்பை’ என்ற பெயர் இருந்தது. நாணயம் இல்லாமலே அளவையும் கடனும் இருந்தன என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

நாணயமும் வந்தது. இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி குறைபட்டுக்கொண்டார். கொங்கு நாட்டில் ரோமக் காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. முசிறியிலிருந்து எகிப்துக்குப் போன ஒரு கப்பலின் சரக்குக் கணக்கு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாளில் எஞ்சியிருக்கிறது. தந்தத்தின் எடையும் மதிப்பும் அதில் உண்டு. அந்தத் தந்தத்தை மலையிலிருந்து இறக்கியவரின் கூலி இல்லை.

கூலியாக வந்த தானியம்

பழைய உலகில் பெரும்பாலான உழைப்பாளிகள் கூலியாகப் பார்த்தது தானியத்தைத்தான். எகிப்தில் அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களுக்குக் கூலி, கோதுமையும் பார்லியும். மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டில், அதாவது ஏறத்தாழ கி.மு. 1157இல், அந்தத் தானியம் வராமல் தாமதமானது. தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு வெளியேறிக் கோயில் அருகே உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்பார்கள். பசிக்கிறது என்பதே அவர்களுடைய முறையீடு.

தமிழ் நிலத்தில் இந்தக் கூலியோடு சாதி சேர்ந்தது. துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரையே குடிகள் என்று சொல்லும் பாடல் புறநானூற்றில் இருக்கிறது. அங்கே பறை ஒரு கலை, ஒரு தொழில். பல நூற்றாண்டுகள் கழித்து, முதலாம் இராசராசனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் சுடுகாட்டோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் கடமைகளில் ஒன்று ‘வெட்டி’. கூலியில்லாமல் செய்தாக வேண்டிய உழைப்பு அது. இன்றும் பயனற்ற வேலையை நாம் ‘வெட்டி வேலை’ என்கிறோம். வேலை பயனற்றதாக இருக்கவில்லை. ஏரியும் வாய்க்காலும் அதனால்தான் நின்றன. செய்தவருக்குப் பயன் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சொல் படியாள். அன்றாடம் படி அளந்து பெறுகிற ஆள். வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் கட்டுண்டு கிடந்தவர். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை பறையர்களின் நிலமின்மையையும் இந்தக் கட்டுண்ட நிலையையும் அரசின் முன்வைத்தது. அடுத்த ஆண்டு பஞ்சமி நிலத்துக்கான ஆணை பிறந்ததற்கு அது ஒரு காரணம். ‘படியளக்கிற சாமி’ என்று முதலாளியைச் சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். விளைவித்தவர் கை ஏந்தினார். அளந்தவர் சாமி ஆனார்.

பணம் வருவதற்கு முந்தைய கிராமத்தை உறவும் பகிர்வும் நிறைந்த பொற்காலமாகச் சிலர் எழுதுவார்கள். நாம் அதை அப்படியே ஏற்க முடியாது. 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதிய அம்பேத்கர், 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர்களின் வதன் முறைக்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். துண்டு நிலத்துக்கும் கொஞ்சம் தானியத்துக்கும் ஒரு சாதி முழுவதையும் இரவு பகலாக ஏவலில் வைத்த முறை அது. உழைத்தவருக்குக் காசாகக் கூலி வேண்டும், விட்டுப்போகும் உரிமை வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். காசுக்குச் சாதி தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசை மடியில் முடிந்துகொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். பண்ணையின் களத்தில் கிடைக்கும் பங்கு அந்தக் களத்தோடு நம்மைக் கட்டிவைக்கும்.

மீண்டும் மலைக்கு

காசு மட்டும் விடுதலை தந்துவிடுமா? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை. இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைக் கூலிகள். அந்த மரத்தின் விலை கடல் கடந்த சந்தையில் முடிவாகிறது. உயிர்தான் காட்டில் போனது. முசிறித் தந்தத்தின் கணக்கைப் போலவே இதிலும் மரத்துக்கு மதிப்பு இருக்கிறது, சுமந்தவருக்கு இல்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தேன், கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடிகளுக்கு உரிமை தருகிறது. நன்னன் வாசலில் இறக்கிவைத்த சுமைக்கு, சட்டப்படி இப்போது சுமப்பவரே சொந்தக்காரர். தராசைப் பிடிப்பது யார், விலை சொல்வது யார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊருக்குப் போனதும் உங்கள் பாட்டிகளிடம் கேளுங்கள். அறுப்புக்கு எத்தனை படி கூலி? அளந்தது யார்? தலைதட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா? ஆண்டைவீட்டுப் படியும் கடைக்காரர் படியும் ஒரே அளவா? பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவையுங்கள். கல்வெட்டில் இல்லாத கணக்கு அவர்கள் நினைவில் இருக்கிறது.