மூழ்கிய கலத்தின் எண்ணெய்

திண்டிவனத்திற்குக் கிழக்கேயுள்ள மரக்காணத்து வலைஞர்க்குக் கடலே வயல். அதில் எண்ணெய் படர்ந்தால் யாது செய்வது? 2017இல் எண்ணூர்க்கருகே இரு கப்பல்கள் மோதியபோது, கரைசேர்ந்த எண்ணெயைப் பலர் வாளிகொண்டு அள்ளியதை நாம் அறிவோம்.

போரில் மூழ்கிய கலங்களிலோ எண்ணெய் நெடுங்காலம் அடைபட்டுக் கிடக்கும். இரும்பு துருவேறியபின் கசியும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இலங்கையின் கிழக்குக் கடலில் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்னும் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தன. அத்தகைய கலங்கள் உலகிற் பல.

இதற்கு வழியுண்டு. பசிபிக் கடலில் உலிதித் தீவருகே 1944இல் மூழ்கிய 'மிசிசினேவா' 2001இல் கசிந்தது. 2003இல் அமெரிக்கக் கடற்படையார் அதன் எண்ணெயை இறைத்தெடுத்தனர். இத்தகைய பணியில் முக்குளிப்போர் கலத்தின்மேல் வால்வொன்றைப் பொருத்தி, அதனூடே துளையிடுவர்; எண்ணெய் கடலிற் சிந்தாது குழாய்வழி மேலேறும்.

கரையில் வாளியால் அள்ளுவதினும் கலத்திலேயே இறைப்பது நன்று. ஆதலின், கசியுமுன் அவற்றைத் தேடி ஆராய்தலே நம் கடமையாம்.