சிறு கிண்ணமும் பெரு வருத்தமும்

பன்வில போன்ற மலையூர்களில் வாழும் உதைபந்தாட்ட இரசிகர்க்கு உலகக் கிண்ணம் கண்டு களிப்பதற்கு மட்டுமே உரியது. தம் நாடு வெல்லக்கூடியவை தென்னாசியக் கிண்ணம் போன்ற சிறு கிண்ணங்களே. 1995இல் கொழும்பில் இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என வென்று இலங்கை அதனைக் கைப்பற்றியது. அந்த வெற்றியே அவர்தம் நம்பிக்கைக்கு அடிப்படை.

2021 நவம்பரில், கொழும்பில் நான்கு நாடுகள் ஆடிய சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம் மூன்றுக்கு மூன்று எனச் சமநிலையுற்றது. பின்னர்த் தண்ட உதைகளில், ஏறத்தாழ ஓரிலட்சம் மக்களே வாழும் சீஷெல்ஸ் நாடு இலங்கையை வென்றது. வருத்தந்தான், எனினும், ஆடித் தோற்றோம் என்ற ஆறுதலேனும் எஞ்சியது.

2023இல் அதுவும் இல்லை. நிருவாகத்தில் வெளியார் தலையீடு உண்டெனக் கூறி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியிலேயே தடை நீங்கிற்று. அதற்குள் பெங்களூரில் தென்னாசியப் போட்டி இலங்கையின்றியே நடந்து முடிந்தது.

பெரிய நாடுகளுக்கு ஒரு போட்டி தவறினால் வேறு பல உண்டு. சிறிய நாட்டுக்கோ ஆண்டுக்கணக்கில் காத்திருப்பே மிச்சம். ஆகவே, இரசிகரின் சினம் தோல்வியின்மேல் எழுந்ததன்று. தோற்கும் வாய்ப்பும் மறுக்கப்பட்டதன்மேல் எழுந்ததேயாகும்.