திரைக்குள் போன தஸ்தாவேஜு

பிரிட்டனில் குடியேறிய லட்சக்கணக்கானவர்களின் பர்ஸில் சமீபகாலம் வரை ஒரு பிளாஸ்டிக் கார்டு இருந்தது. பயோமெட்ரிக் ரெசிடென்ஸ் பெர்மிட் என்பது முழுப்பெயர், பேச்சில் பி.ஆர்.பி. 2026 வரை தங்க அனுமதி பெற்றவரின் கார்டாக இருந்தாலும் 2028 வரை பெற்றவரின் கார்டாக இருந்தாலும், முடிவுத் தேதியாக அச்சாகியிருந்தது பெரும்பாலும் ஒரே நாள்தான்: 31 டிசம்பர் 2024. அந்தத் தேதியோடு கார்டுக்கே மூடுவிழா நடத்திவிட உள்துறை தீர்மானித்திருந்தது. 2024 அக்டோபர் 31 முதல் புதுக் கார்டு அச்சடிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். இன்று அங்கே ஒருவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தால் கையில் கொடுக்கக் கார்டு எதுவும் கிடையாது. இணையத்தில் ஒரு கணக்கு இருக்கும். அதற்குப் பெயர் இ-விசா.

இதை அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் செல்லாது. வேலை கொடுப்பவரும் வீட்டுக்காரரும் 'ஷேர் கோடு' கேட்பார்கள். கணக்குக்குள் போய் அதை எடுத்துத் தர வேண்டும். 90 நாளில் அது காலாவதியாகிவிடும். கணக்குக்குள் போவதற்கு, பதிவு செய்த போன் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் ரகசிய எண் வேண்டும். போன் தொலைந்தால், சிம் செத்துப்போனால், மின்னஞ்சல் பாஸ்வேர்டு மறந்தால், அவர் சட்டப்படி அந்த நாட்டில் இருக்கிறார் என்று காட்டவே திண்டாட வேண்டியிருக்கும்.

அகதிகளுக்குப் பழைய லேப்டாப்பும் போனும் புதுப்பித்துக் கொடுக்கும் வேலையை நம் ஊர்ப் பத்திரிகைகள் 'மனிதநேயம்' பகுதியில் போடும். அது நிர்வாகச் செய்திப் பக்கத்துக்குப் போக வேண்டிய விஷயம். அரசு தன் அலுவலகக் கவுன்ட்டரைத் திரைக்குள் தூக்கி வைத்துவிட்டது. திரை வாங்கித் தரும் பொறுப்பை மட்டும் தொண்டு நிறுவனங்களின் தலையில் விட்டுவிட்டது.

கணக்கைப் பாருங்கள். தஞ்சம் கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் பொதுவாக வேலை பார்க்கக் கூடாது. வாரத்துக்கு 49.18 பவுண்டு கொடுக்கிறார்கள். சாப்பாடு போடும் ஹோட்டலில் தங்க வைத்திருந்தால் பத்துப் பவுண்டுக்கும் குறைவு. காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும், பலருக்கு வருடக்கணக்கில். பிறகு ஒரு நாள் மனு ஏற்கப்படுகிறது. சந்தோஷப்பட நேரமில்லை, 28 நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும். 2024 டிசம்பரில் அதைச் சோதனையாக 56 நாள் ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில், தனியாக இருக்கும் பெரும்பாலானோருக்கு மறுபடி 28 ஆக்கிவிட்டார்கள். அதற்குள் வீடு தேட வேண்டும், வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், 'யுனிவர்சல் கிரெடிட்' உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தொகை முதல் தடவை வர 5 வாரம், அதாவது 35 நாள். கடனாக முன்பணம் வாங்கலாம் என்றாலும், 28-க்கும் 35-க்கும் நடுவில் விழுகிற ஒருவருக்குக் கையில் இருக்கும் போன்தான் அலுவலகம், தபால்பெட்டி, வங்கி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம்.

"அகதிக்கு எதற்கு ஸ்மார்ட்போன்?" என்ற கேள்வி 2015-இல் சிரியர்கள் ஐரோப்பாவுக்கு நடந்து வந்த நாளிலிருந்து ஓயவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, அகதிகள் தொடர்பில் இருப்பதற்காகத் தங்கள் செலவுப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கொடுக்கிறார்கள் என்றது. அகதிக் குடும்பங்களில் 29 சதவீதத்திடம் போனே கிடையாது என்றும் சொன்னது. சோற்றுக் காசைக் குறைத்து டேட்டா வாங்குகிறவருக்கு அது எதற்கு என்று நாம் பாடம் நடத்தத் தேவையில்லை.

லண்டனில் ஈழத் தமிழர்களுக்கு இது தெரியாததல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தஞ்சம் கேட்டு வந்தவர்கள் தமிழ்க் கடையில் போன் கார்டு வாங்கி, இலக்கங்களைச் சுரண்டி, ஊருக்குப் பேசியவர்கள். ஆனால் அவர்களுடைய விசா காகிதத்தில் இருந்தது. வக்கீலின் கடிதம் கதவடியில் வந்து விழுந்தது. புதிதாக வந்தவர்களின் கதை வேறு. 2021 அக்டோபரில் இந்தியப் பெருங்கடலிலுள்ள டியேகோ கார்சியா தீவில் படகோடு கரை சேர்ந்து, மூன்று வருடத்துக்கு மேல் அங்கே அடைபட்டுக் கிடந்த தமிழர்களை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தது 2024 டிசம்பரில், சரியாக பி.ஆர்.பி. கார்டு காலாவதியான மாதத்தில்.

இனி கருவி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப்பை மாற்றுகின்றன. இப்போது கூடுதலாக ஒரு அலை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது; விண்டோஸ் 11-ஓ, பொதுவாக 2018-க்கு முந்தைய இன்டெல் சிப் உள்ள கணினியை ஏற்பதில்லை. நன்றாக ஓடும் மெஷின்கள் ஒரே நாளில் 'பழசு' ஆயின. உலகம் 2022-இல் கழித்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன்; அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். ஆக, சரக்குக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் எல்லாம் நடுவில் நடக்கிற வேலைக்குத்தான். பெட்டி பெட்டியாக லேப்டாப் வந்து இறங்கும், சார்ஜர் வராது. பயாஸ் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது. ஹார்டு டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக நிறுவி நெட்டில் இணைத்ததும், பழைய கம்பெனியின் லோகோவோடு ஒரு பக்கம் எழுந்து ஊழியர் எண் கேட்கும். கம்பெனியின் நிர்வாகப் பட்டியலிலிருந்து அந்த மெஷினை நீக்க மறந்திருப்பார்கள். போனில் இதைவிட மோசம். கூகுள் கணக்கையோ ஐகிளவுடையோ கழற்றாமல் கொடுத்த போன், அழித்துவிட்டுத் திறந்தாலும் பழைய சொந்தக்காரரின் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். ஒரே நெட்வொர்க்குக்குப் பூட்டிய போனை விற்க பிரிட்டன் 2021 டிசம்பரில் தடை போட்டது; அதற்கு முன்பு விற்றவை இன்னும் இழுப்பறைகளில் தூங்குகின்றன. பேட்டரி உப்பியதும் உண்டு. தானம் என்ற பெயரில் குப்பைத்தொட்டியைக் கவிழ்ப்பவர்களைப் பற்றி மரியாதையாக எழுதுவது கஷ்டம்.

தேறியதில் என்ன போட்டுக் கொடுப்பது என்பதிலும் சண்டை. செலவில்லாத லினக்ஸ் மின்ட் பழைய மெஷினிலும் பறக்கும் என்பார் தொண்டர். உண்மைதான். ஆனால் கல்லூரியில், வேலைவாய்ப்பு மையத்தில், பக்கத்து வீட்டில், உதவி கேட்டால் எல்லோருக்கும் தெரிந்தது விண்டோஸ். எரித்ரியாவிலிருந்து வந்து ஆங்கிலமும் கணினியும் ஒரே சமயத்தில் கற்கிற ஒருவரிடம், சந்தேகம் கேட்க ஆள் கிடைக்காத சிஸ்டத்தைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குறைந்தபட்சம் 8 ஜிபி ராம், எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11 ஏற்கிற சிப்: இதற்குக் கீழே உள்ளதை பிரவுசர் மட்டும் ஓடினால் போதும் என்பவர்களுக்கு குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் போட்டுக் கொடுக்கலாம். அதற்கும் கீழே உள்ளது உதிரிபாகத்துக்கு. போனில் வரம்பு இன்னும் கறார். ஆண்ட்ராய்டு பழசானால் வங்கி ஆப் இறங்காது, சில வருடத்தில் வாட்ஸ்அப்பும் நின்றுவிடும்.

பயம் என்று ஒன்றும் இருக்கிறது. 2020-இல் ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகில் கடந்து வந்தவர்களிடம் பிரிட்டன் உள்துறை போன்களைப் பறித்து, பின் நம்பரையும் கட்டாயப்படுத்திக் கேட்டது. அந்த ரகசிய உத்தரவு சட்டவிரோதம் என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பறிபோனதில் குடும்பத்தின் எண்களும், சிலருக்குத் தஞ்சமனுவுக்கான ஆதாரங்களும் இருந்தன. அப்படி ஒரு அனுபவத்துக்குப் பிறகு முன்பின் தெரியாதவர் நீட்டும் போனை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தால் அது நன்றி கெட்டதனம் ஆகாது. வாங்குகிறவரின் கண்முன்னே ஒருமுறை முழுக்க அழித்து, அவர் மொழியில் திறந்து, பின் நம்பரை அவரையே போடச் சொல்வதற்குப் பத்து நிமிடம் போதும்.

கருவி கொடுத்த பிறகு டேட்டா. விர்ஜின் மீடியா ஓ2-வும் 'குட் திங்ஸ் ஃபவுண்டேஷன்' அமைப்பும் 2021-இல் ஆரம்பித்த 'நேஷனல் டேட்டாபேங்க்', உணவு வங்கி நடத்துகிற பாணியில் உள்ளூர் மையங்கள் வழியாக இலவச டேட்டா சிம் தருகிறது. பிறகு வேறு நெட்வொர்க்குகளும் சேர்ந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் சிம் மாறினால் எண் மாறும். எண் மாறினால் ரகசிய எண் பழைய சிம்முக்குப் போகும். இ-விசா கணக்கில் புது எண்ணைப் பதிந்துவிட்டுத்தான் பழைய சிம்மைக் கழற்ற வேண்டும் என்று சொல்லித்தர ஒரு ஆள் அந்த மையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நன்கொடையாளர்கள் லேப்டாப்பைப் படம் எடுத்துப் போடுவார்கள். இந்த ஆளின் சம்பளத்துக்குப் பணம் தர யோசிப்பார்கள்.

பிரிட்டன் அரசு 2025 பிப்ரவரியில் டிஜிட்டல் வசதி எல்லோருக்கும் கிடைக்க ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அரசு அலுவலகங்கள் கழிக்கும் லேப்டாப்களைப் புதுப்பித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் முன்னோட்டமும் அதில் உண்டு. வரவேற்கலாம். ஆனால் தஞ்சமனுதாரர் விஷயத்தில் அரசுக்கு முன்னோட்டமே தேவையில்லை. முன்மாதிரி அதனிடமே இருக்கிறது. வாரப்பணத்தை ரொக்கமாகத் தராமல் 'ஆஸ்பென்' என்ற டெபிட் கார்டில் போடுவது என்று முடிவெடுத்தபோது, அந்தக் கார்டையும் உள்துறையே கொடுத்தது. எங்காவது தேடி வாங்கிக்கொள் என்று சொல்லவில்லை. தங்கும் உரிமையைப் போனுக்குள் போட்ட அதே உள்துறை, மனு ஏற்கப்பட்ட கடிதத்தோடு ஓடுகிற ஒரு போனையும் ஆறு மாத டேட்டாவையும் கொடுக்கலாம். புதுப் போன்கூட வேண்டாம், அதன் ஊழியர்கள் திருப்பிக் கொடுத்த பழையதே போதும்.